குரலை இழந்தவர் படைத்த இசை நாடகம்

1806-ம் ஆண்டு. பிரெஸ்லவ் நகரம். (இன்று அந்த ஊர் போலந்து நாட்டில் இருக்கிறது.)

ஓர் இரவில் இளைஞர் ஒருவர் தம் நண்பரைப் பார்க்கப் போனார். வீட்டில் விளக்கு எரிந்தது. கூப்பிட்டார், பதில் இல்லை. உள்ளே போய்ப் பார்த்தார். நண்பர் தரையில் நினைவு இழந்து கிடந்தார். பக்கத்தில் ஒரு மது பாட்டில்!

அதில் இருந்தது மது அல்ல, நைட்ரிக் அமிலம். நண்பரின் தந்தை, படம் அச்சிடும் வேலைக்காக வாங்கி வைத்திருந்தது. அதை மது பாட்டிலில் ஊற்றி வைத்துவிட்டார் அந்த மனிதர்! மகன் மது என்று எண்ணிக் குடித்துவிட்டார்.

உயிர் பிழைத்தது. ஆனால் வாயும் தொண்டையும் வெந்துபோயின. இனிமையாகப் பாடிய குரல் அன்றோடு போய்விட்டது. பேச்சுக் குரல்கூடத் தேய்ந்துவிட்டது.

அப்போது அவருக்கு வயது 19. அவர்தான் கார்ல் மரியா வான் வெபர். ஜெர்மன் மொழி இசை நாடகத்துக்குப் புது வாழ்வு தந்தவர்.

ஊர் ஊராகச் சுற்றிய பிள்ளை

வெபர் 1786-ம் ஆண்டு நவம்பர் மாதம் வட ஜெர்மனியில் ஆய்டின் என்ற சிறிய ஊரில் பிறந்தார். தந்தை நாடகக் கம்பெனி நடத்தியவர். தாய் பாடகி. பிள்ளைக்கு இடுப்பில் கோளாறு. கடைசி வரை நொண்டித்தான் நடந்தார். 11 வயதில் தாயை இழந்தார். காசநோய் அவளைக் கொண்டுபோயிற்று.

தந்தைக்கு ஆசை அதிகம், பொறுப்பு குறைவு. பிரபு வம்சம் என்று காட்டிக்கொள்ள, பெயரோடு "வான்" என்பதைத் தாமாகவே சேர்த்துக்கொண்டவர்! பின்னால் ஸ்டுட்கார்ட் நகரில் பிரபு ஒருவரிடம் வெபர் காரியதரிசியாக இருந்தபோது, மகனிடம் இருந்த பிரபுவின் பணத்தைத் தந்தை எடுத்துச் செலவழித்துவிட்டார். 1810-ம் ஆண்டு, நாடக ஒத்திகையில் இருந்த வெபரைப் பிடித்துப்போய்க் காவலில் வைத்தார்கள். பிறகு தந்தையையும் மகனையும் நாடு கடத்திவிட்டார்கள். அந்தக் கடன் வெபரின் தலையில் பல வருஷம் உட்கார்ந்திருந்தது.

1817-ல்தான் நல்ல காலம் பிறந்தது. டிரெஸ்டன் நகரில் ஜெர்மன் இசை நாடகத்தின் தலைவர் ஆனார். அதே ஆண்டு கரோலின் என்ற பாடகியை மணந்தார்.

1821-ம் ஆண்டு ஜூன் 18-ந் தேதி, பெர்லினில் அவருடைய "பிரைஷூட்ஸ்" நாடகம் அரங்கேறியது. மந்திரத் தோட்டாவுக்காகப் பிசாசிடம் போகும் வேட்டைக்காரனின் கதை. ஒரே இரவில் வெபரின் பெயர் நாடெங்கும் பரவியது. அதன் பாட்டுகள் தெருத் தெருவாக ஒலித்தன.

பந்தயத்தில் ஒரு பெண்

உடனே வியன்னாவில் இருந்து அழைப்பு வந்தது. இன்னொரு பிரைஷூட்ஸ் வேண்டும் என்றார்கள். வெபர் இணங்கவில்லை. பேச்சே இல்லாமல், முதலில் இருந்து முடிவு வரை இசையிலேயே ஓடும் நாடகம் எழுதத் துணிந்தார். அதுதான் "யூரியாந்தே".

கதையை எழுதியவர் ஹெல்மினா வான் செசி என்ற பெண் எழுத்தாளர். இசை நாடகம் எழுதிப் பழக்கம் இல்லாதவர். வெபர் திருப்பித் திருப்பி மாற்றி எழுதச் சொன்னார். அப்படியும் கதை நேராகவில்லை.

அடோலார் என்ற பிரபு, தன் காதலி யூரியாந்தேயின் கற்பைப் புகழ்கிறான். லிசியார்ட் என்ற பொறாமைக்காரன், அவளை மயக்கிக் காட்டுகிறேன் என்று சொத்தைப் பந்தயம் வைக்கிறான். அவனால் முடியவில்லை. ஆனால் யூரியாந்தேயின் தோழி எக்லாந்தீன் ஒரு துரோகி. அடோலாரின் இறந்துபோன தங்கை விஷ மோதிரத்தால் உயிரை விட்டவள் என்ற குடும்ப ரகசியத்தை யூரியாந்தேயிடம் கறந்துவிடுகிறாள். கல்லறையில் இருந்து அந்த மோதிரத்தை எடுத்து லிசியார்டிடம் கொடுக்கிறாள். அவன் அரசன் சபையில் மோதிரத்தைக் காட்டுகிறான். அடோலார் நம்பிவிடுகிறான். காதலியைக் கொல்லக் காட்டுக்கு இழுத்துப் போகிறான்.

ரகசியத்தைத் தோழியிடம்தான் சொன்னேன் என்று யூரியாந்தே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நாடகம் இரண்டாம் அங்கத்திலேயே முடிந்திருக்கும்! அவள் வாய் திறக்கவில்லை. ரசிகர்களுக்குப் பொறுக்கவில்லை.

1823-ம் ஆண்டு அக்டோபர் 25-ந் தேதி வியன்னாவில் அரங்கேற்றம். வெபரே முன் நின்று நடத்தினார். கதாநாயகியாகப் பாடிய ஹென்ரீட்டா சோன்டாக்குக்கு வயது 17. அன்று கைதட்டலுக்குக் குறைவில்லை. ஆனால் வெபர் ஊர் திரும்பியதும் நாடகத்தைக் கண்டபடி வெட்டினார்கள். வியன்னா அப்போது இத்தாலிய மேதை ரோசினியின் இசையில் மயங்கிக் கிடந்தது. கூட்டம் குறைந்தது. நாடகத்தின் பெயரையே, சலிப்பூட்டுபவள் என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லாகத் திரித்துக் கேலி செய்தார்கள்.

அதே அம்மையார் எழுதிய "ரோசமுண்டே" என்ற நாடகமும் அந்த டிசம்பரில் தோற்றது. அதற்கு இசை கொடுத்த அப்பாவி, ஷூபர்ட்!

லண்டன் பயணம்

தாயைக் கொன்ற காசநோய் வெபரையும் பிடித்திருந்தது. பிழைக்க மாட்டோம் என்று அவருக்குத் தெரியும். மனைவிக்கும் இரண்டு ஆண் பிள்ளைகளுக்கும் வைத்துப் போகப் பணம் இல்லை. லண்டனில் இருந்து நாடகம் எழுத அழைப்பு வந்தது. இருமிக்கொண்டே 153 ஆங்கிலப் பாடங்கள் படித்தார். 1826 பிப்ரவரியில் புறப்பட்டார்.

ஏப்ரல் 12-ந் தேதி "ஓபெரான்" அரங்கேறி வெற்றி பெற்றது. வெபர் வீடு திரும்பும் நாளை எண்ணிக்கொண்டிருந்தார். ஜூன் 5-ந் தேதி காலை, தங்கியிருந்த வீட்டில் படுக்கையிலேயே இறந்து கிடந்தார். வயது 39.

லண்டனிலேயே புதைத்தார்கள். 18 ஆண்டுகள் அங்கே கிடந்தார். 1844 டிசம்பரில் உடல் டிரெஸ்டனுக்கு வந்தது. கொண்டுவர முன் நின்றவர் இசை மேதை வாக்னர். சில வாரங்களுக்கு முன்புதான் வெபரின் இளைய மகன் அலெக்சாண்டர் 19 வயதில் இறந்திருந்தான். மகனை ஒரு வயதுக் குழந்தையாக விட்டுப் போன தந்தையை, அவன் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். ஊர்வலத்துக்கு வாக்னர் அமைத்த சோக இசை எதில் இருந்து எடுத்தது? தோற்றுப்போன யூரியாந்தேயில் இருந்துதான்!

இசைத்தட்டில் உயிர் பெற்றவள்

அதன் பிறகும் யூரியாந்தேக்கு மேடை எளிதில் கிடைக்கவில்லை. 1904-ல் மாலர் வியன்னாவில் திருத்திப் பார்த்தார். அப்படியும் நிலைக்கவில்லை. ஆனால் இசைத்தட்டுக்கு மேடை எதற்கு?

1974-ம் ஆண்டு டிரெஸ்டனில் முழு நாடகமும் பதிவாயிற்று. இடம், போரில் குண்டு வீச்சால் சிதைந்து பிழைத்த லூக்கா தேவாலயம். வாசித்தது, வெபர் நடத்திய அதே பழம்பெரும் வாத்தியக் குழு. நடத்தியவர் மாரெக் யானோவ்ஸ்கி.

யூரியாந்தேயாகப் பாடியவர் ஜெஸ்ஸி நார்மன் என்ற அமெரிக்க நீக்ரோ பாடகி. அப்போது வயது 28. அடோலார், சுவீடன் நாட்டு நிக்கோலாய் கெட்டா. எக்லாந்தீனாக வரும் ரீட்டா ஹன்டரின் குரலில் பொறாமை தீயாய்ப் பறக்கிறது.

தொடக்க இசையின் நடுவே ஓர் இடம். ஆரவாரம் சட்டென்று அடங்குகிறது. எட்டே எட்டு வயலின்கள், ஒலியை அடக்கி, மூச்சு விடுவதுபோல வாசிக்கின்றன. கல்லறையில் அமைதி காணாத தங்கையின் ஆவிக்கு உரிய இசை அது. வாக்னர் ஊர்வலத்துக்கு எடுத்துக்கொண்டதில் இதுவும் ஒன்று.

மூன்றாம் அங்கத்தில் இன்னும் ஓர் இடம். காட்டில் கொடிய பாம்பு பாய்கிறது. தன்னைக் கொல்ல வந்தவனைக் காப்பாற்ற யூரியாந்தே குறுக்கே நிற்கிறாள். அவன் பாம்பைக் கொல்கிறான், அவளைக் கொல்ல மனம் வரவில்லை, விட்டுப் போய்விடுகிறான். வாத்தியங்கள் எல்லாம் ஓய்கின்றன. பாசூன் என்ற கனத்த குரல் குழல் மட்டும் தனியே முனகுகிறது. அந்த மௌனத்தில் ஜெஸ்ஸி நார்மனின் குரல் எழுகிறது. சபையில் வாய் திறக்காதது ஏன் என்ற கேள்வி, அந்தச் சில நிமிஷங்களுக்கு யாருக்கும் தோன்றாது.