காதுக்குள் ஓர் இத்தாலியர்: யார் இந்த கார்ட்டி?

ஹெட்போன்ல பாட்டு கேக்குறீங்களா? அந்தச் சத்தத்தை நரம்புச் சமிக்ஞையா மாத்துற உறுப்புக்குப் பெயர் 'ஆர்கன் ஆஃப் கார்ட்டி'. யார் அவர்?

அல்ஃபோன்சோ கார்ட்டி, 1822-ல் இத்தாலியில் பிரபுக் குடும்பத்தில் பிறந்தவர். வியன்னாவில் மருத்துவப் பட்டம் பெற்றார். பிறகு ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க்கில், ஆய்வாளர் கோலிக்கரிடம் போனார். அங்கே பாலூட்டிகளின் உள்காதை மைக்ரோஸ்கோப்பில் ஆராய்ந்தார். நிறமில்லாத திசு, எது எதுன்னு பிரிச்சுப் பார்க்கிறதே கஷ்டம். கார்மைன் என்ற சிவப்புச் சாயம் ஏற்றினார். நத்தை ஓடு மாதிரி சுருண்ட காக்லியாவுக்குள் வரிசைகட்டி நின்ற செல்கள் தெரிந்தன!

1851-ல் கட்டுரை வெளியானது. வயசு முப்பதுகூட ஆகல. பிறகு இத்தாலி திரும்பினார், ஆய்வையும் விட்டுட்டார். மனைவி இளம் வயதிலேயே இறந்தார். மூட்டுவாதம் கார்ட்டியை முடக்கியது. 1876-ல் காலமானார். உறுப்புக்கு அவர் பெயரைச் சூட்டியவர் கோலிக்கர்.

இன்று நமக்குத் தெரிந்தது: ஒவ்வொரு காதிலும் சுமார் 15,000 மயிர்ச் செல்கள். வெளி வரிசைகள் ஒலியைப் பெருக்கும். உள்வரிசையில் இருப்பது சுமார் 3,500 தான்; ஆனால், மூளைக்குச் செய்தி கொண்டுபோகும் நரம்பு இழைகளில் 90 சதவீதத்துக்கும் மேல் அவற்றோடுதான் இணைகின்றன.

அதிக சத்தத்தில் இந்தச் செல்கள் செத்தா, மனிதருக்கு மறுபடி முளைக்காது. வால்யூமைக் கொஞ்சம் குறைங்க!