எழுத்துக்கு அளவு தந்த இப்னு முக்லா



வெள்ளிக்கிழமையன்று சூரத்துல் கஹ்ஃபு ஓதுவதற்காகத் திருக்குர்ஆனைக் கையில் எடுக்கின்றீர்கள். துணி உறையை நீக்கி விரிக்கின்றீர்கள். நாவு ஓதுகின்றது, கண்கள் வரியின் மேல் செல்கின்றன. அந்த எழுத்துக்கள் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரே அளவாகவும் ஒரே ஒழுங்காகவும் அமைந்திருப்பது எவ்வாறு என்று என்றேனும் எண்ணிப் பார்த்ததுண்டா?

வேதமொழி அல்லாஹ்வுடையது. அதைத் தாளில் தாங்கி நிற்கும் எழுத்தின் வடிவமோ, பல தலைமுறைகளாக மனிதர் உழைத்துத் திருத்தியது. அவ்வாறு உழைத்தவர்களுள் முன்வரிசையில் நிற்பவர், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பக்தாது நகரில் வாழ்ந்த இப்னு முக்லா. எழுத்தணிக் கலையின் வரலாறு கூறுவோர் எவரும் அவர் பெயரைச் சொல்லாமல் மேலே செல்வதில்லை. எனினும் அவருடைய வாழ்க்கை இனிதாக முடிந்த வாழ்க்கை அன்று. மூன்று கலீபாக்களுக்கு வஸீராக இருந்த அவர், சிறைக்கூடத்தில் கையிழந்து, நாவிழந்து மடிந்தார். அந்த வரலாற்றை இந்த வாரம் உங்கள் முன் வைக்கின்றோம்.

பிறப்பும் முதல் அலுவலும்

அபூ அலீ முஹம்மது என்பது அவருடைய இயற்பெயர். ஹிஜ்ரி 272இல், அதாவது கி.பி. 886இல் பக்தாதில் பிறந்தார். முக்லா என்பது அவர் குலத்துப் பெண்மணி ஒருவருக்குச் செல்லமாக வழங்கிய பெயர் என்பர். கண்மணி என்பது அதன் பொருள். அந்தப் பெயரே குடும்பப் பெயராக நிலைத்தது. அவருடைய தம்பி அபூ அப்துல்லாஹ் ஹஸனும் சிறந்த எழுத்தணிக் கலைஞர்.

அக்காலத்துப் பக்தாது அப்பாஸியப் பேரரசின் தலைநகரம். எட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே அங்குக் காகிதம் செய்யும் தொழில் வேரூன்றிவிட்டது. தோலில் எழுதிவந்த நிலை மாறி, காகிதத்தில் விரைந்து எழுதும் காலம் பிறந்தது. நூல்களைப் படியெடுத்து விற்பதையே பிழைப்பாகக் கொண்டவர்கள் வர்ராக்குகள் எனப்பட்டனர். அரசாங்கத்தின் திவான்களிலோ நாள்தோறும் கணக்கற்ற கடிதங்கள் எழுதப்பட்டன. அழகாக எழுதத் தெரிந்த இளைஞனுக்கு அரண்மனைக் கதவு திறந்தே இருந்தது.

இப்னு முக்லா பாரசீகத்து மாவட்டம் ஒன்றில் வரி தண்டும் சிறு அலுவலில் சேர்ந்தார். பின்னர் வஸீர் இப்னுல் ஃபுராத்தின் கண்ணில் பட்டார். அரசாங்கக் கடிதங்களைப் பிரிப்பதும் அனுப்புவதும் அவர் பொறுப்பாயின. அவருடைய உயர்வு எழுதுகோலிலிருந்து தொடங்கிற்று என்பதை நினைவில் வையுங்கள்.

அவர் கண்ட அளவு

திருக்குர்ஆன் பிரதிகள் அதுவரை பெரும்பாலும் கோண வடிவான பழைய எழுத்தில் எழுதப்பட்டு வந்தன. கூஃபீ என்று அதனை வழங்குவர். காணக் கம்பீரமானது, ஆனால் எழுத நேரம் பிடிக்கும், பழகாதவர்க்குப் படிப்பதும் கடினம். மறுபுறம், திவான்களிலும் புத்தகக் கடைகளிலும் வளைவான எழுத்து வகைகள் பல வழங்கின. அவை விரைவானவை, எனினும் ஒருவர் எழுத்துப்போல் மற்றவர் எழுத்து இராது. கையின் பழக்கமே விதியாக இருந்தது.

இந்த நிலையில்தான் இப்னு முக்லா ஓர் அளவுகோலைத் தேடினார். அவர் கண்ட அளவுகோல் மிக எளியது. நாணல் எழுதுகோலின் நுனியைச் சாய்வாகச் சீவி, மையில் தோய்த்து, தாளில் ஒருமுறை அழுத்தினால் சாய்சதுரமான ஒரு புள்ளி விழும். அந்தப் புள்ளியையே அவர் அடிப்படை அளவாகக் கொண்டார். புள்ளிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அலிஃபின் உயரம் கிடைக்கும். அந்த அலிஃபை விட்டமாக வைத்து ஒரு வட்டம் வரைந்தால், மற்ற எழுத்துக்களின் அளவுகள் அதிலிருந்து பிறக்கும். பே என்ற எழுத்தின் நீளம் அலிஃபுக்குச் சமம். நூனின் வளைவு அரைவட்டம். ரேயின் வளைவு வட்டத்தில் கால்பகுதி. இவ்வாறு ஒவ்வோர் எழுத்துக்கும் உறவும் வரம்பும் ஏற்பட்டன. அளவுபட்ட எழுத்து என்னும் பொருளில் இதனைக் கத்துல் மன்ஸூப் என்பர்.

இதன் பயன் என்னவென்று கேட்பீர்கள். எழுதுகோல் பெரிதாயினும் சிறிதாயினும் விகிதம் மாறாது. சிறுகைப் பிரதியிலும் பள்ளிவாசல் சுவரிலும் ஒரே எழுத்து ஒரே அழகோடு நிற்கும். அதைவிட முக்கியமானது, இந்தக் கலையை இனிக் கற்பிக்க முடியும். ஆசிரியர் புள்ளி வைத்துக் காட்டலாம். மாணவர் புள்ளியை எண்ணித் தம் பிழையைத் தாமே காணலாம். நஸ்கு, துலுது, முஹக்கக், ரைஹானி, தவ்கீஃ, ரிகாஃ என்னும் ஆறு வகை எழுத்துக்களும் நாளடைவில் இந்த ஒழுங்கின்கீழ் அமைந்தன. இவற்றுள் நஸ்கின் வழிவந்த எழுத்தில்தான் இன்றும் திருக்குர்ஆன் பெரும்பாலும் அச்சாகின்றது. நம் முன்னோர் அரபுத்தமிழ் நூல்களை எழுதியதும் அந்த எழுத்தின் வழியிலேதான்.

மூன்று கலீபாக்கள்

கலையில் அளவு கண்ட அவர், அரசியலில் அளவு கண்டாரா? இந்த இடத்தில் நாம் ஒளிவுமறைவின்றிப் பேச வேண்டும்.

கி.பி. 928இல் கலீபா முக்ததிர் அவரை வஸீராக்கினார். இரண்டே ஆண்டுகளில் பதவி பறிபோயிற்று. பாரசீகத்துக்கு நாடு கடத்தப்பட்டார். 932இல் முக்ததிர் கொல்லப்பட்டு, காஹிர் கலீபாவானதும், இப்னு முக்லாவை மீண்டும் வரவழைத்து வஸீராக்கினார்கள். மறு ஆண்டே, அந்தக் கலீபாவைக் கவிழ்க்கும் சூழ்ச்சியில் அவரும் சேர்ந்தார். சூழ்ச்சி வெளிப்பட்டது. தோழர்கள் கொல்லப்பட்டனர், அவர் தப்பி ஒளிந்து, மாறுவேடம் பூண்டு, படைவீரர்களைத் தூண்டிவிட்டார். 934இல் காஹிர் பதவியிலிருந்து இறக்கப்பட்டுக் கண்களும் குருடாக்கப்பட்டார். அடுத்து வந்த கலீபா ராழியிடம் இப்னு முக்லா மூன்றாம் முறையாக வஸீரானார்.

செல்வம் பெருகிற்று. பக்தாதில் அவர் எழுப்பிய மாளிகையின் தோட்டத்தைப் பற்றி வரலாற்றாசிரியர்கள் வியந்து எழுதியுள்ளனர். மரங்களுக்கு மேலே பட்டுநூல் வலை விரித்து, அதனுள் பலவகைப் பறவைகளைப் பறக்கவிட்டிருந்தார். மான்களும் அங்கு உலவின. அந்த மாளிகைக்கு அடிக்கல் நாட்ட, சோதிடர்களைக் கூட்டி நல்ல நேரம் கேட்டார் என்றும் எழுதி வைத்துள்ளனர். அவர் வீழ்ந்தபோது அந்த மாளிகை தீக்கிரையாயிற்று. சோதிடர் குறித்துக் கொடுத்த நேரம் அதனைக் காக்கவில்லை.

அவர் வஸீராக இருந்த காலத்து நிகழ்ச்சி ஒன்றையும் சொல்ல வேண்டும். இப்னு ஷன்னபூத் என்னும் காரி, உஸ்மான் (ரலி) அவர்கள் தொகுத்த பிரதிக்கு மாறான ஓதல் முறைகளையும் தொழுகையில் ஓதி வந்தார். காரிகளின் தலைவராக விளங்கிய இப்னு முஜாஹித் முதலானோர் இதனை எதிர்த்தனர். 935இல் இப்னு முக்லாவின் முன்னிலையில் விசாரணை நடந்தது. அவருக்குக் கசையடி கொடுக்க உத்தரவாயிற்று. அடிபட்டபின் தம் முறையைக் கைவிட்டார். ஓதல் முறையைக் காக்க வேண்டும் என்ற நோக்கம் சரியே. ஆயினும் அடி பொறுக்காத அம்முதியவர், இப்னு முக்லாவின் கை துண்டிக்கப்படட்டும் என்று இறைவனிடம் முறையிட்டதாக நூல்கள் கூறுகின்றன. பின்னர் நடந்ததற்கு அதுதான் காரணம் என்று தீர்ப்புக் கூற நாம் யார்? மறைவானவற்றை அல்லாஹ் ஒருவனே அறிவான். அதிகாரத்தில் இருப்பவனுக்கு அடிபட்டவனின் குரல் எட்டுவதில்லை என்பதை மட்டும் நாம் எண்ணிப் பார்க்கலாம்.

கரம் போயிற்று

936இல் அவர் மீண்டும் பதவி இழந்து சிறைப்பட்டார். பெருந்தொகை கேட்டு வதைக்கப்பட்டார். அதே ஆண்டில் இப்னு ராயிக் என்னும் படைத்தலைவர், தளபதிகளுக்கெல்லாம் தளபதி என்ற பட்டத்துடன் ஆட்சியைக் கைப்பற்றிக்கொண்டார். கலீபாவுக்கும் வஸீருக்கும் பெயரளவு மதிப்பே மிஞ்சிற்று. இப்னு முக்லாவின் நிலபுலன்களும் பறிமுதலாயின.

அத்துடன் அவர் ஒதுங்கியிருக்கலாம். வீட்டில் அமர்ந்து, எஞ்சிய நாட்களைத் திருக்குர்ஆன் படியெடுப்பதில் கழித்திருக்கலாம். அவர் அவ்வாறு செய்யவில்லை. இப்னு ராயிக்கைப் பிடித்துவிடுமாறு கலீபாவுக்கு இரகசியமாக எழுதினார். பஜ்கம் என்ற மற்றொரு தளபதியையும் பக்தாதுக்கு வருமாறு தூண்டினார். செய்தி வெளியாயிற்று. கலீபாவே அவரைக் காட்டிக்கொடுத்தார். 938இல் அவருடைய வலக்கரம் துண்டிக்கப்பட்டது.

காயத்துக்கு மருந்திட அனுப்பப்பட்டவர் தாபித் இப்னு ஸினான் என்னும் மருத்துவர். அவர் வரலாற்றாசிரியரும் ஆவார். தாம் கண்டதை அவர் எழுதி வைத்தார். கலீபாக்களுக்கு ஊழியம் செய்த கை, இருமுறை திருக்குர்ஆனை முழுமையாக எழுதிய கை, திருடனின் கைபோல் வெட்டப்பட்டதே என்று இப்னு முக்லா அழுதாராம். ஒரு கலைஞனுக்கு இதைவிடக் கொடிய தண்டனை உண்டா? இந்த அழுகையைக் கேட்டு இரங்காத நெஞ்சம் இராது.

ஆனால், வாசகர்களே, அதன் பின்பும் அவருடைய பதவி ஆசை அடங்கவில்லை. வெட்டுண்ட கையின் முன்பகுதியில் எழுதுகோலைக் கட்டிக்கொண்டு எழுதினார். எழுத்து முன்போலவே இருந்தது என்பர். கை இல்லாமை வஸீர் பதவிக்குத் தடையன்று என்று கூறி, அப்பதவியையே மறுபடியும் கேட்டார். பஜ்கம் பக்தாதை நெருங்கிய வேளையில் அவருடைய நாவும் அறுக்கப்பட்டது. சிறையில் அவருக்குப் பணிவிடை செய்ய ஆள் இல்லை. கிணற்றில் தண்ணீர் இறைக்கும்போது, இடக்கையால் ஒரு பிடி இழுத்து, கயிற்றைப் பல்லால் கவ்விக்கொண்டு, மறுபிடி இழுப்பார். ஹிஜ்ரி 328 ஷவ்வால் மாதம், கி.பி. 940 ஜூலையில் அவர் அங்கேயே இறந்தார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

அரண்மனை எல்லையிலேயே அவரைப் புதைத்தனர். பின்னர் மகன் வேண்டிக்கொள்ள, உடலைத் தோண்டியெடுத்துக் கொடுத்தனர். வீட்டில் அடக்கினார்கள். அதன்பின் மனைவி மீண்டும் எடுத்துத் தம் இல்லத்தில் அடக்கம் செய்தார். மூன்று முறை வஸீரானவர் மூன்று முறை புதைக்கப்பட்டார் என்று அக்காலத்தார் பேசிக்கொண்டனர்.

அவரை வருத்தியவர்கள் என்ன ஆயினர்? கலீபா ராழி அதே ஆண்டு டிசம்பரில் இறந்தார். பஜ்கம் 941இலும் இப்னு ராயிக் 942இலும் கொல்லப்பட்டனர். 945இல் புவைஹிகள் பக்தாதைக் கைப்பற்றினர். எந்தப் பதவிக்காக இத்தனை பேர் இரத்தம் சிந்தினார்களோ, அந்தப் பதவியே பொருளற்றுப் போயிற்று.

மற்றொரு கரத்தில்

அவருடைய கலையின் வரலாறு வேறு. அவர் வகுத்த முறையை மாணவர்கள் கற்றனர். அவர்களிடம் இப்னுல் பவ்வாப் கற்றார். இவர் ஷீராஸ் நகரில், புவைஹி அரசர் பஹாவுத்தௌலாவின் நூலகத்தைப் பேணி வந்தார். ஒருநாள் அங்கே இப்னு முக்லாவின் கையெழுத்தில் திருக்குர்ஆனின் ஜுஸ்வு ஒன்று கிடைத்தது. தேடத்தேட இருபத்தொன்பது ஜுஸ்வுகள் சேர்ந்தன. ஒன்று மட்டும் அகப்படவில்லை. அந்த ஒன்றைத் தாமே எழுதிச் சேர்ப்பதாகவும், எது புதியது என்று அரசரால் கண்டுபிடிக்க முடியாவிட்டால் பரிசு தர வேண்டும் என்றும் இப்னுல் பவ்வாப் கூறினார். பழைய காகிதம் தேடி, எழுதி, பழைய அட்டையிட்டுச் சேர்த்தார். அரசர் முப்பதையும் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். கண்டுபிடிக்க இயலவில்லை.

இப்னு முக்லாவின் எழுத்து என்று ஐயமறச் சொல்லத்தக்க ஏடு எதுவும் இன்று நம்மிடம் இல்லை. இப்னுல் பவ்வாப் ஹிஜ்ரி 391இல் எழுதி முடித்த திருக்குர்ஆன், அயர்லாந்தின் டப்ளின் நகரில் செஸ்டர் பீட்டி நூலகத்தில் உள்ளது. 1298இல் மறைந்த யாகூத் அல் முஸ்தஃஸிமீ அந்தக் கலையை மேலும் வளர்த்தார். அவரிடமிருந்து துருக்கிக்கும் ஈரானுக்கும் இந்தியாவுக்கும் அது பரவிற்று.

அருமைப் பெற்றோர்களே! ஓதும் பள்ளியில் உங்கள் குழந்தை பலகையில் முதன்முதலாக அலிஃப் எழுதும்போது, அது கோணலாகத்தான் வரும். உஸ்தாது கையைப் பிடித்து நேராக்குவார். அந்த நேர்கோட்டுக்கு ஓர் அளவு உண்டு என்று கண்டவர் இப்னு முக்லா. எழுத்துக்கு வரம்பு வகுத்த அவர், தம் ஆசைக்கு வரம்பு வகுக்கத் தவறினார். அவர் நாடி ஓடிய பதவி அவரைக் கைவிட்டது. அவர் திருமறைக்குச் செய்த தொண்டு அவரைக் கைவிடவில்லை.

எழுதுகோலின் பெயரால் ஓர் அத்தியாயத்தையே அருளிய இறைவன், அவருடைய பிழைகளைப் பொறுத்தருள்வானாக! நம் கைகளுக்கு நற்பணியையும், நம் ஆசைகளுக்கு அளவையும் தந்தருள்வானாக! ஆமீன்.