புனித யோசப் வாஸ் அடிகளாரும் நமது புத்தளமும்

நமது சங்கத்தின் நூற்றாண்டு மலருக்கு ஒரு பெரியாரின் வரலாற்றை எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் கேட்டபோது, முதலில் நினைவுக்கு வந்தவர் இலங்கையின் அப்போஸ்தலர் எனப் போற்றப்படும் புனித யோசப் வாஸ் அடிகளார். மருத்துவத் தொழில் செய்யும் நமக்கு அவர் நோயாளரின் தோழர். புத்தளம் கரையில் வளர்ந்த நமக்கோ, இம்மண்ணுக்கு ஒருநாள் அடைக்கலம் தேடி வந்தவர்.

அடிகளார் 1651 ஏப்ரல் 21 இல் கோவாவின் பெனோலிம் கிராமத்தில், கொங்கணி மொழி பேசும் குடும்பத்தில் பிறந்தார். 1676 இல் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். அக்காலத்தில் இலங்கையின் கரையோரம் ஒல்லாந்தர் வசம் இருந்தது. 1658 முதல் கத்தோலிக்கக் குருமாருக்கு இடமளிப்போருக்கு மரணதண்டனை என்ற கட்டளை நடைமுறையில் இருந்தது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாகக் குருவானவர் இல்லாது மக்கள் தவித்தனர். இதைக் கேள்வியுற்ற அடிகளார் 1687 இல் கூலியாள் வேடத்தில், யோவான் என்னும் உதவியாளரோடு தூத்துக்குடியில் தோணி ஏறினார்.

கடல் கொந்தளித்தது. பசியாலும் தாகத்தாலும் வாடியே மன்னார்க் கரையை அடைந்தார்கள். யாழ்ப்பாணம் சென்றதும் அடிகளாரைக் கடும் வயிற்றுளைவு பீடித்தது. தொற்றுநோய் என அஞ்சி ஊரவர் அவரை ஒதுக்கினர் என்றும், ஒரு பெண்மணி நாள்தோறும் கஞ்சி கொண்டுவந்து கொடுத்து உயிர் காத்தார் என்றும் வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். பின்னாளில் ஆயிரம் பேருக்குக் கஞ்சி வார்த்த கை, முதலில் ஒரு பெண்ணிடம் கஞ்சி வாங்கிய கை. அப்பெண்ணின் பெயரை நாம் அறியோம்.

சுகமடைந்த அடிகளார் தமிழ் கற்றார். சில்லாலையைத் தளமாகக் கொண்டு, இரவு வேளைகளில் வீடு வீடாகச் சென்று மறைபணி புரிந்தார். 1689 நத்தார் இரவில் ஒல்லாந்தர் வழிபாட்டு இடத்தைச் சுற்றி வளைத்துப் பலரைச் சிறைப்பிடித்தனர். அடிகளார் தப்பினார். ஆயினும் வடக்கில் தொடர்ந்து இருக்க முடியாமற் போகவே, 1690 இல் புத்தளம் வந்து சேர்ந்தார்.

கற்பிட்டியில் ஒல்லாந்தரின் கோட்டை எழுந்துவிட்டது. ஆனால் களப்பின் இக்கரையான புத்தளம் கண்டி மன்னனின் ஆட்சிக்குட்பட்டிருந்தது. எனவே அடிகளார் இங்கே ஒளிந்து வாழ வேண்டியிருக்கவில்லை. ஏறத்தாழ ஓராண்டு இம்மக்கள் மத்தியில் பணியாற்றினார்.

பின்பு 1692 இல் கண்டி சென்றார். போர்த்துக்கேய ஒற்றர் என்ற பழி சுமத்தப்பட்டு, இரண்டாம் விமலதர்மசூரிய மன்னனால் சிறையிலிடப்பட்டார். சிறையில் சிங்களம் கற்றார். காவலர் அனுமதித்த அளவில் ஒரு சிற்றாலயமும் அமைத்தார். நாளடைவில் மன்னனின் சந்தேகம் குறைந்தது.

1697 இல் கண்டியில் பெரியம்மை பரவியது. வசதியுள்ளவர்கள் நகரை விட்டு ஓடினர். பெற்ற பிள்ளையைக்கூடத் தொட அஞ்சிய பெற்றோர் நோயாளரைக் காட்டோரம் விட்டுச் சென்றனர். அப்போதுதான் கோவாவிலிருந்து வந்திருந்த யோசப் கர்வாலோ அடிகளாரின் துணையோடு, வாஸ் அடிகளார் அந்நோயாளரைத் தேடிச் சென்றார். குடிசைகள் அமைத்து அவர்களைக் கிடத்தினார், புண்களைக் கழுவினார், உணவூட்டினார், இறந்தோரைத் தம் கையாலேயே அடக்கம் செய்தார். சமயம் எது, சாதி எது என்று எவரிடமும் அவர் கேட்கவில்லை.

மருத்துவர் என்ற வகையில் இங்கு ஒன்று சொல்ல வேண்டும். எட்வர்ட் ஜென்னர் தடுப்பூசிப் பரிசோதனை செய்தது 1796 இல். அதாவது 99 ஆண்டுகள் கழித்து. உலகிலிருந்து பெரியம்மை ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது 1980 இல். அடிகளாரிடம் மருந்து இருக்கவில்லை. ஆனால் காய்ச்சலில் கிடப்பவருக்குத் தண்ணீரும் கஞ்சியும் சுத்தமும் நேரத்துக்குக் கிடைத்தாலே சிலர் பிழைப்பர். கைவிடப்பட்ட நோயாளியைக் கொல்வது நோய் மட்டுமன்று, தாகமும் பசியும்தான். இதை நமக்குக் கற்பித்தது பாடநூலன்று. விடுதியில் இரவுப் பணி செய்த தாதியரே.

இச்சேவையைக் கண்ட மன்னன், அடிகளார் சுதந்திரமாகப் பணியாற்ற இடமளித்தான். வேட்டையாடப்பட்ட குரு நாடெங்கும் கால்நடையாகச் சென்றார். 1711 ஜனவரி 16 இல் கண்டியில் இறைபதம் எய்தினார். கொழும்பு காலிமுகத்திடலில் 1995 இல் திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் அவரை முத்திப்பேறு பெற்றவராகவும், 2015 ஜனவரி 14 இல் திருத்தந்தை பிரான்சிஸ் புனிதராகவும் பிரகடனம் செய்தனர்.

அடிகளார் புத்தளம் வந்து 300 ஆண்டுகள் கழித்து, 1990 ஒக்டோபரில், வடக்கின் முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். மன்னாரிலிருந்து படகுகளில் கற்பிட்டிக் கரைக்கு வந்தவர்கள் ஆயிரக்கணக்கானோர். அவரைப் போலவே அவர்களும் கையில் ஒன்றுமின்றி வந்தனர். புத்தளத்து வீடுகளும் பள்ளிவாசல்களும் அவர்களுக்குச் சோறிட்டன.

அப்போது நாம் ஐந்தாம் ஆண்டு மாணவி. வந்தவர்களில் ஒருத்தி நம் வாங்கிலேயே அமர்த்தப்பட்டாள். அவளிடம் கொப்பி இல்லை. நம் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்துக் கொடுக்க நமக்கு மனம் வரவில்லை. இரண்டு நாள் பாராதது போல் இருந்தோம். மூன்றாம் நாள் இடைவேளையில், தனக்குக் கிடைத்த பணிஸைப் பிட்டு, பாதியை அவள் நம் பக்கம் நகர்த்தினாள். நல்ல சமாரியன் உவமையை மறைக்கல்விப் பாடத்தில் மனனம் செய்திருந்த நமக்கு, அன்றுதான் அதன் பொருள் விளங்கியது. அயலவராய் நடந்தவள் அவள்; கடந்து சென்றவர் நாம். இன்றும் நோயாளியின் கட்டிலருகே அவசரப்படும் வேளையில் அந்தப் பாதிப் பணிஸ் நினைவுக்கு வருகிறது.

நூறு ஆண்டுகளில் நம் கல்லூரி உலகின் பல மூலைகளுக்கும் பிள்ளைகளை அனுப்பியிருக்கிறது. அங்கெல்லாம் நாமும் ஒருநாள் கொப்பியில்லாமல் வாங்கின் ஓரத்தில் அமர்ந்தவர்கள்தாம். யாரோ ஒருவர் சற்றுத் தள்ளி இடம் தந்தார். இப்போது நம் பக்கத்தில் வந்து அமர்ந்திருப்பவர் யார் என்று திரும்பிப் பார்ப்பதே அடிகளாருக்கு நாம் செய்யும் வணக்கம். அவரது பரிந்துரை நம் கல்லூரித் தாயைக் காப்பதாக.