மெட்டுக்குள் வாழ்ந்த புலவர்

கொள்ளிடத்தின் வடகரையில் நிற்கிறது நம் திருமானூர். ஆற்றைக் கடந்து, திருவையாற்றின் வழியே தெற்கு நோக்கிச் சென்றால் தஞ்சை. அத்தஞ்சையின் மானம்புச்சாவடியில் 1914 சூன் 5 அன்று பிறந்தவர் இராமையாதாஸ். திரைப்பாடலை விரும்புவோர் பலரும் அவர் பாடல்களை அறிவர்; அவர் பெயரை அறிந்தோர் சிலரே.

கரந்தையில் தமிழ் பயின்று புலவர் பட்டம் பெற்றவர் அவர். பள்ளி ஆசிரியராகப் பணியாற்றினார். ஆயினும் நாடக மேடை அவரை விடவில்லை. ஆசிரியப் பணியைத் துறந்து, நாடகங்கள் எழுதுவதிலும் நடத்துவதிலும் ஈடுபட்டார். அவருடைய 'மச்சரேகை' நாடகம் 1950இல் டி. ஆர். மகாலிங்கம் நடிக்கத் திரைப்படமாயிற்று. அதற்கு முன்பே, 1947இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரித்த 'ஆயிரம் தலைவாங்கி அபூர்வ சிந்தாமணி' அவருக்குத் திரையுலகின் கதவைத் திறந்திருந்தது.

அவர் புகழின் உச்சம் விசயா நிறுவனத்தின் படங்களில் அமைந்தது. 'பாதாள பைரவி' (1951), 'மிஸ்ஸியம்மா' (1955), 'மாயா பஜார்' (1957) ஆகியவை தெலுங்கிலும் தமிழிலும் உருவானவை. தெலுங்கில் பிங்கலி நாகேந்திரராவ் எழுத, பெரும்பாலும் அதே மெட்டுக்கு இவர் தமிழ் தர வேண்டும். யாப்பின் தளையினும் இறுக்கமான தளை அது. நெடில் நிற்க வேண்டிய இடம், வல்லினம் விழ வேண்டிய இடம் யாவும் முன்னரே முடிவானவை. அத்தளைக்குள் நின்றும், வேற்றுமொழியின் சாயல் படியாத தமிழை அவர் தந்தார். கடோத்கசன் திருமண விருந்தை உண்டு களிக்கும் பாடல், தஞ்சை மண்ணின் பந்தியிலேயே பிறந்தது போலன்றோ ஒலிக்கிறது!

'அமரதீபம்' (1956) படத்துக்காக அகராதியில் இல்லாத ஒலிகளைக் கோத்து அவர் எழுதிய பாடலும் பட்டிதொட்டியெங்கும் பரவியது. புலவர் பட்டம் பெற்றவர் பொருளற்ற சொற்களை எழுதலாமா என்று கேட்போர் உண்டு. தாலாட்டின் ஆராரோவுக்கும், ஏற்றப்பாட்டின் ஏலேலோவுக்கும் அகராதிப் பொருளை நாம் தேடுவதில்லை. இலக்கணம் கற்றவர் அதை மறந்து எழுதியதல்ல அப்பாடல். நாட்டுப்புற மரபின் உயிரை உணர்ந்து எழுதியது.

அவரே படத் தயாரிப்பிலும் இறங்கினார். எம்.ஜி.ஆரைக் கொண்டு தொடங்கிய 'லலிதாங்கி' இடையில் நின்றது. பின்னர்ச் சிவாசி கணேசன் நடிக்க 'ராணி லலிதாங்கி' (1957) வெளிவந்தது. திரைக்கு வெளியே அவர் மனம் நாடியது குறளை. அதன் கருத்துகளை இசைப்பாடல்களாக்கித் 'திருக்குறள் இசையமுதம்' படைத்தார். 1965 சனவரி 15 அன்று, ஐம்பது வயதில் மறைந்தார்.

தமிழக அரசு அவருடைய நூல்களைப் பின்னாளில் நாட்டுடைமை ஆக்கியது. ஆயினும் இலக்கிய வரலாற்றை எழுதும் என் போன்றோர் அவருக்கென ஒரு பத்திகூட ஒதுக்கியதில்லை. வகுப்பறையில் யாப்பு நடத்தும் நாளில் அவர் பெயரை நான் சொல்லாமற் போனதுண்டு. பத்தாண்டு நிறைவு காணும் நம் வட்டத்தின் மலரில் அக்குறையை ஓரளவேனும் தீர்க்க விழைகிறேன். கவிஞர்களே, அடுத்த திங்கட் கூட்டத்தில் சந்தம் பேசும்போது, ஆற்றின் அக்கரைப் புலவரையும் அழைத்து அமர்த்துவோம்.