அலையைப் பிடித்தவர் ஊர் திரும்பவில்லை

மார்கழி வாடையில் கோணேசர் மலையடியில் அலை மோதும்போது கைத்தொலைபேசியை நீட்டாத இளைஞர் இன்று திருகோணமலையில் குறைவு. லிங்கநகரில் என் அயலிலுள்ள பிள்ளைகளும் அப்படி எடுத்த படங்களைக் கொண்டுவந்து காட்டுவார்கள். உடையும் கணத்தில் பிடித்த அலை கடலாகவே தெரியாது. கறுத்த மலைபோல ஒன்று, கிழிந்த வெள்ளைச் சீலைபோல இன்னொன்று. போர்க்காலத்தில் துறைமுகப் பக்கம் கமராவைத் திருப்ப யாருக்குத் துணிவிருந்தது? அதனால்தானோ என்னவோ, இந்தப் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு குஸ்தாவ் லு கிறே நினைவுக்கு வருகிறார்.

லு கிறே 1820இல் பிறந்தார். பாரிசுக்கு வடக்கே, இன்று நம்மவர் பலர் குடியிருக்கும் புறநகர்ப் பக்கத்திலுள்ள வில்லியே-லு-பெல் அவருடைய ஊர். ஓவியம் படித்துவிட்டு ஒளிப்படத்துக்கு வந்தவர்.

1856 முதல் கடலைப் படம்பிடிக்கத் தொடங்கினார். அந்நாளில் அது லேசான வேலையல்ல. கண்ணாடித் தகட்டில் கொலோடியன் பூசி, வெள்ளி உப்புக் கரைசலில் தோய்த்து, ஈரம் காயமுன் படமெடுத்து, உடனேயே இருட்டில் கழுவவேண்டும். ஆட்களைப் படமெடுக்கும்போது சில விநாடிகள் அசையாமல் இருக்கச் சொல்லலாம். அலைக்கு யார் சொல்வது? அவர் பெரும்பாலும் வெளிச்சத்தை எதிர்நோக்கிக் கமராவை வைத்தார். நீரில் தெறித்த ஒளி கண்ணைக் கூசவைக்கும் அளவுக்கு இருந்ததால் ஒரு நொடிக்கும் குறைந்த நேரம் போதுமாயிற்று. இன்னொரு சிக்கலும் இருந்தது. அக்காலத் தகடு நீல நிறத்தை அளவுக்கு மிஞ்சி ஏற்றுக்கொள்ளும். கடல் சரியாக விழுந்தால் வானம் வெறும் வெள்ளையாகிவிடும். அதனால் வானத்தைத் தனித் தகட்டில் எடுத்து, அடிவானக் கோட்டில் இரண்டையும் ஒட்டவைத்து அச்சிட்டார். தெற்கே செற் துறைமுகத்தில் 1857இல் எடுத்த 'பேரலை' அப்படிப் பிறந்ததுதான். ஏமாற்று வேலை என்று சிலர் சொல்லலாம். எனக்கு அது நல்ல கைவேலை.

புகழ் வந்தது, கூடவே கடனும் வந்தது. 1860இல் பாரிஸ் ஸ்ரூடியோ மூடப்பட்டது. மனைவி பிள்ளைகளை விட்டுவிட்டு, எழுத்தாளர் அலெக்சாண்டர் டூமாவின் படகில் ஏறினார். இத்தாலியின் பலேர்மோ நகரில் கரிபால்டியின் படைகள் அப்போதுதான் வென்றிருந்தன. அங்கே தொலேதோ வீதியின் தடுப்பரண்களையும் குண்டுவீச்சில் இடிந்த மாளிகைகளையும் படமெடுத்தார். அலைப் படங்களைவிட இவற்றில்தான் என் கண் அதிக நேரம் நிற்கிறது. கூரை போன கட்டடங்கள், குவிந்த கற்கள். 2006க்குப் பின் சம்பூரையும் மூதூரையும் பார்த்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

டூமாவோடு ஏற்பட்ட பிணக்கில் மால்ட்டாவில் இறக்கிவிடப்பட்டார். பிறகு சிரியா, அலெக்சாந்திரியா, கெய்ரோ. கெய்ரோவில் சித்திரம் படிப்பித்துப் பிழைத்தார். பிரான்சுக்கு ஒருபோதும் திரும்பவில்லை. 1884 யூலை 30 அன்று கெய்ரோவிலேயே இறந்தார்.

ஆள் ஊரைவிட்டுப் போனபின்னும் அலைகள் தப்பியதற்குக் காரணம், பிரதிகள் ஏற்கெனவே பலர் கையில் இருந்ததுதான். லண்டனில் ஒருவர் சேர்த்துவைத்திருந்தவை 1868இல் அங்குள்ள அரும்பொருட் காட்சியகத்துக்குப் போயின. நம் வீட்டு அல்பங்களுக்கு இரண்டாம் பிரதி இருக்கவில்லை. இடம்பெயரும்போது அடையாள அட்டையை எடுத்தோம், கலியாணப் படங்களை விட்டோம். கரையோர வீடுகளில் எஞ்சியிருந்ததை 2004 மார்கழி 26இல் கடல் கொண்டுபோனது.

கடனோடு ஓடிய அந்த மனிதரின் 'பேரலை'யின் ஒரு பிரதி 1999இல் லண்டன் ஏலத்தில் ஐந்து இலட்சம் பவுணுக்கும் மேலே விலைபோனது. அதுவரை எந்த ஒளிப்படமும் ஏலத்தில் அந்த விலைக்குப் போனதில்லை.