அதிர்வெண் ஆய்ந்த தமிழர்: ஸர் கே. எஸ். கிருஷ்ணன்

ஆவடியிலும் அம்பத்தூரிலும் நாடோறும் ரயிலேறுவோர், வண்டி அடிக்கடி உண்டா என்று வினவுதல் வழக்கம். ஒரு நிகழ்ச்சி குறித்த காலத்துள் எத்தனை முறை நிகழ்கின்றது என்பதே அவ்வினாவின் பொருள். பௌதிக நூலார் இக்கருத்தையே மேற்கொண்டு, ஓர் அலை ஒரு நொடியில் எத்தனை முறை அதிர்கின்றது என்று கணக்கிட்டு, அதனை அதிர்வெண் என்றனர். வீணையின் நரம்பை முறுக்கச் சுருதி உயர்வதும், நீலவொளி செவ்வொளியின் வேறாதலும் அதனாலேயாம். இவ்விரு பொருளும் ஒருங்கே விளங்கிய வாழ்வு ஒன்றுண்டு. அது நம்மைப் போன்றே மிஷன் கலாசாலையிற் பயின்ற ஒருவருடையது.

கரியமாணிக்கம் ஸ்ரீநிவாஸ கிருஷ்ணன் 1898-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த வத்திராயிருப்பில் பிறந்தார். தந்தையார் உழவுத் தொழிலினர். தமிழிலும் வடமொழியிலும் பயிற்சி மிக்கவர். கிருஷ்ணன் மதுரை அமெரிக்கன் கலாசாலையிலும், பின்னர்ச் சென்னைக் கிறிஸ்தவ கலாசாலையிலும் பயின்றார். பின்னதன் ரசாயனப் பகுதியிற் பணிபுரிந்த காலத்தில், நண்பகல் உணவு வேளையில் மாணவரைக் கூட்டி, அவர்கள் வினவியவற்றுக்கெல்லாம் விடை கூறி மகிழ்ந்தார்.

1920-இல் கல்கத்தா சென்ற அவர், 1923-இல் இராமனது ஆராய்ச்சிக் குழுவிற் சேர்ந்தார். அவ்வாண்டிலேயே குழுவினராகிய கே. ஆர். இராமநாதன், திரவங்களினூடே சிதறும் ஒளியில் மங்கிய வேறொரு நிறம் கலந்திருத்தலைக் கண்டிருந்தார். அது திரவத்தின் அழுக்கால் விளைவதோ, ஒளியின் இயல்பால் விளைவதோ என்பதே வழக்கு. அழுக்காயின் கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. அன்றேல் உலகம் அறியாத புதுமை. இவ்வழக்கைத் தீர்க்க வழி ஒன்றே இருந்தது. திரவங்களைத் திரும்பத் திரும்பத் தூய்மை செய்து, திரும்பத் திரும்ப நோக்குதல். 1928 பிப்ரவரியில் கிருஷ்ணன் இப்பணியிற் கண்ணயராது ஈடுபட்டார். ஏறக்குறைய அறுபது திரவங்கள் சோதிக்கப்பட்டன. எத்துணைத் தூய்மை செய்தும் அந்நிறம் அகலவில்லை.

காரணம் இதுவே. பாதரச விளக்கின் நீலவொளி நொடிக்கு ஏறத்தாழ 688 லட்சம் கோடி முறை அதிர்வது. பென்ஸீன் மூலக்கூறும் தனக்குரிய அதிர்வுடையது. ஒளித்துகளின் சக்தி அதன் அதிர்வெண்ணுக்கு ஏற்ற அளவினது. மூலக்கூறு அச்சக்தியில் ஒரு பகுதியைக் கைக்கொண்டு அதிருமாயின், வெளிப்படும் ஒளி ஏறத்தாழ 30 லட்சம் கோடி குறைந்த அதிர்வெண்ணோடு வருகின்றது. இங்ஙனம் நிகழ்வதோ, விழும் ஒளித்துகள்களில் ஒரு கோடிக்கு ஒன்று என்னும் அளவிலேயே. அத்துணை அரிதாய் நிகழும் ஒன்றை, அத்துணை அடிக்கடி நோக்கியமையாலேயே அவர்கள் கண்டனர்.

இருவர் பெயராலும் இச்செய்தி அவ்வாண்டே நேச்சர் இதழில் வெளிவந்தது. 1930-இல் நோபெல் பரிசு இராமன் ஒருவர்க்கே அளிக்கப்பெற்றது. கிருஷ்ணனது பங்கு யாது என்பதைப் பற்றிப் பிற்காலத்தார் பலவாறு எழுதியுள்ளனர். அவரோ அதனைப் பொருட்படுத்தி நின்றுவிடாமல், டாக்காவிலும் கல்கத்தாவிலும் பளிங்குகளின் காந்த இயல்பை ஆய்ந்து, 1940-இல் லண்டன் ராயல் சொஸைட்டியின் அங்கத்தினரானார். 1942-இல் அலகாபாத் சர்வகலாசாலைப் பேராசிரியரானார். 1946-இல் ஸர் பட்டம் பெற்றார். தமிழில் விஞ்ஞானக் கட்டுரைகள் எழுதுவதிலும் விருப்புடையவராயிருந்தார்.

1947-இல் தில்லித் தேசியப் பௌதிக ஆய்வுக்கூடத்தின் முதல் தலைவராகி, 1961-இல் மறையுங்காறும் அதனை வளர்த்தார். 1967-இல் உலக நாடுகள் நொடியின் அளவை வரையறுத்தபோது, ஸீஸியம் அணுவின் 919,26,31,770 அதிர்வுகளுக்குரிய காலமே ஒரு நொடி என முடிவு செய்தன. அவ்வளவைக் கொண்டு இந்திய நேரத்தைக் காத்து வருவது அந்த ஆய்வுக்கூடமே. ஆகவே அம்பத்தூர் நிலையத்தில் வண்டி எத்தனை நிமிடத்துக்கு ஒன்று என்று நாம் எண்ணும் எண்ணும், ஈற்றில் ஓர் அதிர்வெண்ணையே சார்ந்து நிற்கின்றது.

சோதனைச்சாலையில் ஒருமுறை செய்து குறிப்பேட்டில் எழுதி முடிக்க விரையும் இளம் நண்பர்கள், இப்பெரியாரை நினைவார்களாக. ஐந்தாம் முறை செய்வது வீண் என்று அவர் எண்ணியிருப்பின், அம்மங்கிய நிறம் அழுக்கென்றே கழிந்திருக்கும் என்று யாம் கருதுகின்றோம்.