சுருதி கண்ட பண்டிதர்

தோழியரே! கிதாரின் ஆறு தந்திகளையும் முறுக்கிச் சுருதி கூட்டிய பின்னரே இன்னிசை பிறக்கிறது. அச்சுருதிகள் எத்தனை என்று ஆராய்வதற்காகவே தம் பொழுதையும் பொருளையும் செலவிட்ட தமிழர் ஆபிரகாம் பண்டிதர் ஆவார்.

இவர் 1859-ஆம் ஆண்டு நெல்லைச் சீமையிலுள்ள சாம்பவர் வடகரையில் பிறந்தார். ஆசிரியராகப் பணியாற்றிய பின், தஞ்சையில் சித்த மருத்துவராகப் பெரும்புகழ் பெற்றார். மருத்துவத்தால் ஈட்டிய செல்வத்தை இசைக்கு வாரி வழங்கினார். 1912-இல் தஞ்சையில் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தை நிறுவி, தம் சொந்தச் செலவிலேயே இசை மாநாடுகள் நடத்தினார்.

ஒரு ஸ்தாயியில் 22 சுருதிகள் என்பது வடமொழி நூல்களின் வழக்கு. கிதாரின் மெட்டுகள் ஸ்தாயியை 12 சம பாகங்களாகப் பிரிக்கின்றன. பண்டிதரோ, பழந்தமிழிசையில் 24 சம சுருதிகள் உண்டெனக் கணக்கிட்டார். 1916-இல் பரோடாவில் கூடிய இசை மாநாட்டில் இதனை எடுத்துரைத்தார். அவர்தம் புதல்வியர் வீணையில் இசைத்து விளக்கினர். ஏற்றோரும் இருந்தனர், மறுத்தோரும் இருந்தனர். அவர் சோர்ந்தாரில்லை. ஆயிரம் பக்கங்களைக் கடந்த 'கருணாமிர்த சாகரம்' என்னும் நூலை 1917-இல் வெளியிட்டார். 1919-இல் மறைந்தார்.

பெண்கள் அவையேறத் தயங்கிய அக்காலத்தில், தம் பெண்மக்களின் விரல்களையே சான்றாக நிறுத்திய தந்தை அவர்! நாமும் கேட்டதை அப்படியே நம்பிவிடாமல், எண்ணியும் மீட்டியும் பார்த்து உண்மை காண்போமாக!